கம்பம் திராட்சைக்கு விலாசம் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்குப் பஞ்சம் இல்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் பந்தல்தான். பந்தலுக்குக் கீழே கருநீலக் குலைகள் தொங்குகின்றன. மராட்டியத்தில் திராட்சை வருடத்துக்கு ஒரு பருவம்தான் வெட்டப்படும். இங்கே அப்படி இல்லை. வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பழத்தின் பெயர் பன்னீர் திராட்சை. 1832-ம் ஆண்டு பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று கூறப்படுகிறது. 2023-ம் ஆண்டு "கம்பம் பன்னீர் திராட்சை" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் விளைந்த பழத்தை இந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பது அதன் பொருள்.

ஊர் இருக்கிறது. பழம் இருக்கிறது. பெயருக்குச் சட்டத்தின் காவலும் இருக்கிறது. இனி என்ன குறை?

இன்று சரக்கு தேடுகிறவர் முதலில் சந்தைக்குப் போவதில்லை. செல்போனை எடுக்கிறார். கூகுளில் பெயரைத் தட்டுகிறார். முதலில் எது வருகிறதோ அதைத் தொடுகிறார். இரண்டாம் பக்கத்துக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு.

அப்படியானால், கம்பம் விவசாயியின் பக்கம் அங்கே முதலில் வருமா? வருவதற்கு என்ன செய்ய வேண்டும்? "இணைய விலாசத்தைச் சரியாக அமைத்தால் முதல் இடம் நிச்சயம்" என்று சிலர் கடைகடையாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை?

இரண்டு கம்பம்

முதலில் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். கம்பம் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்து முறை, "சி" என்ற எழுத்தில் தொடங்கும். நடுவில் "யு" வரும். இன்னொரு முறை, "கே" என்ற எழுத்தில் தொடங்கும். நடுவில் "ஏ" வரும். ஊர் ஒன்று, எழுத்து இரண்டு.

அதோடு முடியவில்லை. ஆந்திர மாநிலத்திலும் ஒரு கம்பம் இருக்கிறது. பழைய, பெரிய ஏரி உள்ள ஊர் அது. அதையும் ஆங்கிலத்தில் அதே "சி" எழுத்திலேதான் எழுதுகிறார்கள். ஐதராபாத்தில் இருப்பவர் "கம்பம்" என்று தேடினால் அந்தக் கம்பம் முன்னே வந்து நிற்கலாம்.

தபால்காரருக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1972-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந் தேதி பின்கோடு முறை வந்தது. நமது கம்பத்துக்கு 625516. ஆந்திரக் கம்பத்தின் எண் 5-ல் தொடங்கும். முதல் எண்ணைப் பார்த்தவுடனே கடிதம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். இணையத்தில் பின்கோடு கிடையாது. அங்கே சொல்தான் வழிகாட்டி.

தேனிக்கும் இப்படி ஒரு தொல்லை உண்டு. "தேனி" என்றால் ஊர். "தேனீ" என்றால் பூச்சி. ஒரு சுழி மாறினால் ஊர் பறந்துபோய்விடும்! மேகமலையை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் "ஜி" மட்டும் போடுகிறார்கள். சிலர் அதன் பின்னால் "எச்" சேர்க்கிறார்கள். பன்னீர் திராட்சையின் நிலை இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் "பன்னீர்" என்று எழுதும்போது ஒரு "என்" விட்டுப்போனால், அது வடநாட்டுப் பால்கட்டியான "பனீர்" ஆகிவிடும்.

பெயர் ஒன்று, எழுத்து பல என்றால், வாடிக்கையாளர் வாசலைத் தவறவிடுவார்.

தேடும் யந்திரம் எப்படித் தேடுகிறது?

கூகுள் போன்றவற்றுக்குத் தேடுபொறி என்று பெயர். இது ஒரு மனிதர் அல்ல, யந்திரம். அது மூன்று வேலை செய்கிறது.

முதல் வேலை, ஊர் சுற்றுவது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு உள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு, சிலந்தி வலையில் நடப்பதுபோல் நடக்கிறது. இரண்டாவது வேலை, குறிப்பு எழுதுவது. பெரிய புத்தகங்களின் கடைசியில் "இந்தச் சொல் இந்தப் பக்கத்தில்" என்று ஓர் அட்டவணை இருக்கும் அல்லவா? அதுபோல உலகத்துப் பக்கங்களுக்கெல்லாம் அட்டவணை போடுகிறது. மூன்றாவது வேலை, வரிசைப்படுத்துவது. கேட்டவருக்கு எது அதிகம் பயன்படும் என்று கணக்குப் போட்டு முன்னும் பின்னுமாக அடுக்குகிறது.

கூகுளை 1998-ம் ஆண்டு அமெரிக்காவில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள். அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஊரில் நல்ல வைத்தியர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? நாலு பேர் ஒருவரையே கைகாட்டினால் அவர் நல்லவர் என்று நம்புகிறோம். கைகாட்டுகிறவரும் பெரிய மனிதராக இருந்தால் நம்பிக்கை கூடும். அதுபோல, நல்ல பக்கங்கள் பல சேர்ந்து எந்தப் பக்கத்தைக் கைகாட்டுகின்றனவோ, அதற்கு மதிப்பு அதிகம். இன்று இந்தக் கணக்கில் வேறு பல விஷயங்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் அடிப்படை மாறவில்லை.

விலாசம் என்றால் என்ன?

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. தேனி மாவட்ட நிர்வாகத்தின் தளத்துக்கு "தேனி டாட் நிக் டாட் இன்" என்று விலாசம். டாட் என்றால் புள்ளி. இதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். "இன்" என்பது இந்தியா. "நிக்" என்பது சர்க்காரின் தேசிய தகவல் மையம். "தேனி" என்பது மாவட்டம். தபால் உறையிலும் அப்படித்தானே? கடைசி வரியில் பெரிய ஊர். முதல் வரியில் ஆள்.

இது வீட்டின் பெயர். அதற்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, உள்ளே எந்த அறை என்று எழுதுவார்கள். அறைக்கு இரண்டு விதமாகப் பெயர் வைக்கலாம். "பொருள் எண் 4738" என்று வைப்பது ஒரு விதம். "கம்பம், இடைக்கோடு, பன்னீர், இடைக்கோடு, திராட்சை" என்று சொல்லாகவே வைப்பது இன்னொரு விதம்.

எது நல்லது? சொல்தான் நல்லது. கூகுளே அப்படித்தான் ஆலோசனை சொல்கிறது. அதன் யோசனைகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

விலாசத்தில் பொருள் விளங்கும் சொல் இருக்கட்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைக்கோடு போடுங்கள். அடிக்கோடு போட்டால் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகத் தோன்றும். தேவையில்லாத எண்களையும் குறிகளையும் தள்ளுங்கள். ஒரே பக்கத்துக்கு இரண்டு மூன்று விலாசம் வைக்காதீர்கள். வைத்தால் எது உண்மையான வாசல் என்று யந்திரம் யோசிக்க வேண்டியிருக்கும்.

முதல் இடம் வருமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். இப்படி விலாசம் வைத்தால் முதல் இடம் கிடைக்குமா?

கிடைக்காது. விலாசத்தில் சரக்கின் பெயரைச் சேர்ப்பதால் மட்டும் வரிசையில் ஏறிவிட முடியாது. அதனால் வரும் பலன் மிகமிகச் சொற்பம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. "முதல் இடம் வாங்கித் தருவதாக எவரும் உறுதி கொடுக்க முடியாது" என்றும் அது எச்சரிக்கிறது. தேடுதல் வரிசையில் இடம் பெறக் கூகுளுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. காசு கொடுத்தால் கிடைப்பது விளம்பரம். அது வேறு; அதன்மேல் விளம்பரம் என்று குறிப்பும் இருக்கும்.

ஆகவே "இத்தனை ஆயிரம் கொடுங்கள், விலாசத்தை மாற்றி முதலிடம் பிடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால், விவசாயியும் வியாபாரியும் அந்த வலையில் விழக் கூடாது.

அப்படியானால் நல்ல விலாசம் எதற்கு? மனிதருக்காக! தேடிய பக்கங்களின் பட்டியலில் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் விலாசம் தெரிகிறது. "கம்பம் பன்னீர் திராட்சை" என்று அங்கே எழுதியிருந்தால், தேடுகிறவர் நம்பித் தொடுவார். வெறும் எண்ணும் குறியுமாக இருந்தால் தயங்குவார். வாட்ஸ்-அப்பில் அனுப்பினாலும், அட்டைப்பெட்டியில் அச்சடித்தாலும், வாயால் சொன்னாலும் நினைவில் நிற்கும். நாலு பேர் கைகாட்ட வேண்டும் என்றால், கைகாட்ட வசதியாக வாசல் இருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் எழுதலாமா?

விலாசத்தைத் தமிழிலேயே எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் விலாசத்திலும் தலைப்பு தமிழில்தான் இருக்கிறது. "டாட் இந்தியா" என்று தமிழ் எழுத்திலேயே வால் வைத்துக்கொள்ள 2011-ம் ஆண்டு உலக அளவில் இடம் ஒதுக்கப்பட்டது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் அப்படித் தமிழ் வால் உண்டு. கூகுளும் தமிழ் விலாசத்தைப் படிக்கும்.

ஆனால் ஒரு சங்கடம். இணையத்தின் அடிப்படை விதி ஆங்கில எழுத்தை வைத்துப் போடப்பட்டது. அறைப்பெயரில் வரும் தமிழ் எழுத்தின் ஒவ்வோர் உறுப்பையும் யந்திரம் மூன்று துண்டாக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும் போடுகிறது. ஆக, ஓர் உறுப்புக்கு 9 குறிகள்.

"தேனி" என்று எழுதினால் கண்ணுக்கு இரண்டு எழுத்து. யந்திரத்துக்கு மெய், கொம்பு, மெய், கொக்கி என்று நாலு உறுப்பு. நாலு ஒன்பது முப்பத்தாறு! "கம்பம் பன்னீர் திராட்சை" என்பதற்கு 189 குறிகள். நடுவில் உள்ள இரண்டு இடைக்கோட்டையும் சேர்த்தால் 191. புவிசார் குறியீட்டில் உள்ள ஆங்கில எழுத்துமுறையில் எழுதினால், இடைக்கோட்டோடு 24-ல் முடிந்துவிடும்.

செல்போனில் பார்க்கும்போது தமிழாகத் தெரியும். எடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது சில சமயம் இந்தக் குறிகள் மூட்டையாக அவிழ்ந்துவிடும். பார்க்கிறவர் "இது என்ன மோசடி விலாசமோ" என்று பயப்படுவார். அதனால் பலர் நடுவழியைப் பிடித்திருக்கிறார்கள். விலாசம் ஆங்கில எழுத்தில். தலைப்பும் உள்ளே உள்ள விஷயமும் நல்ல தமிழில். தமிழர்களுக்கு மட்டும் என்றால் தமிழ் விலாசமே அழகு. வெளிநாட்டு வியாபாரமும் வேண்டும் என்றால் நடுவழியே வசதி.

1018 ஊர்கள்

ஆங்கில எழுத்தில் எழுதுவது என்றாலும் எந்த எழுத்துமுறை? இதற்கு 2020-ம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் பாடம்.

தமிழ்நாட்டில் 1018 ஊர்களின் பெயரை, தமிழில் உச்சரிக்கிறபடியே ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூன் மாதம் சர்க்கார் உத்தரவு வெளியானது. கோயம்புத்தூர், தூத்துக்குடி, திண்டுக்கல், வேலூர் எல்லாம் அதில் இருந்தன. நோக்கம் நல்லது. ஆனால் புதிய எழுத்துமுறையைப் பற்றிப் பலவிதக் குறைகள் சொல்லப்பட்டன. அதே மாதத்தில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

ஊர்ப் பலகையை ஒரே நாளில் அழித்து எழுதிவிடலாம். இணையத்தில் அப்படி முடியாது. பழைய எழுத்துமுறையில் ஆயிரக்கணக்கான விலாசங்கள் பதிந்து கிடக்கின்றன. நாலு பேர் கைகாட்டியதெல்லாம் அந்தப் பழைய வாசலைத்தான். வாசலை மூடிவிட்டால் வந்தவர் "பக்கம் இல்லை" என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்.

இணைய வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல விலாசங்கள் மாறுவதில்லை என்று 1998-லேயே எழுதினார். மாற்றியே தீரவேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. வீடு மாறும்போது தபால் ஆபீசில் எழுதிக்கொடுத்தால் கடிதம் புது வீட்டுக்கு வருகிறது. அதுபோல, பழைய விலாசத்தைத் தொட்டவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்யலாம். அப்படிச் செய்தால் தேடும் யந்திரமும் "இவர் வீடு மாறிவிட்டார்" என்று புரிந்துகொள்ளும்.

வங்கிகளின் புது வால்

சமீபத்தில் நாட்டில் உள்ள வங்கிகள் எல்லாமே இப்படி வீடு மாறவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 31-ந் தேதிக்குள் வங்கிகள் தங்கள் விலாசத்தை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்ற வேண்டும் என்பதே அந்த உத்தரவு.

ஏன்? வங்கியின் பெயரை முன்னால் போட்டு, போலி விலாசம் தயாரித்து, ஏமாந்தவர் பணத்தைச் சுருட்டும் கூட்டம் பெருகிவிட்டது. முன்னால் எந்தப் பெயரையும் யாரும் போடலாம். ஆனால் இந்தப் புதிய வால் வங்கிகளுக்கு மட்டுமே கொடுக்கப்படும். சர்க்கார் தளங்களுக்கு "நிக் டாட் இன்", "கவ் டாட் இன்" என்ற வால்கள் இருப்பதுபோல.

இதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. விலாசத்தில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் ஒட்டி நிற்கும் வால்தான் உண்மையான சொந்தக்காரரைக் காட்டும். வாலுக்கு முன்னால் எத்தனை பெரிய பெயர் இருந்தாலும் மயங்க வேண்டாம். தேடும் வரிசையில் முதலில் வந்ததாலேயே ஒரு பக்கம் யோக்கியமானது என்று நம்பவும் வேண்டாம்.

பெயர் யாருக்கு?

பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் போடிநாயக்கனூரில் பார்க்கலாம். அங்கே ஏலக்காய் ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. மலையில் விளைந்த ஏலக்காய் அங்கே கைமாறுகிறது. ஆனால் உலகச் சந்தையில் அதற்குப் புகழ்பெற்ற பெயர் "ஆலப்புழை பச்சை". அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஏலக்காய்ச் செடி ஆலப்புழைக் கடற்கரையில் விளைவதில்லை. அந்தக் காலத்தில் சரக்கு கப்பல் ஏறியது அந்தத் துறைமுகத்தில். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சரக்கு உலகத்துக்கு எந்த வாசல் வழியாகப் போகிறதோ, அந்த வாசலின் பெயர்தான் நிற்கும்.

இன்றைய துறைமுகம் இணையம். கம்பம் திராட்சை எந்த வாசல் வழியாகப் போகப்போகிறது?

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். இணைய விலாசம் விலைக்கு வாங்கிய மனை அல்ல. அது குத்தகை. குறித்த காலத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். தளம் செய்து கொடுக்கும் ஆள் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டால், நாளை சண்டை வரும்போது வாசல் சாவி அவர் கையில் இருக்கும். ஆகவே பதிவு விவசாயியின் பெயரிலோ, விவசாயிகள் சங்கத்தின் பெயரிலோ இருக்க வேண்டும்.

வாசல் வைத்த பிறகு உள்ளே சரக்கு வேண்டும். எந்தத் தோட்டத்தில் எப்போது வெட்டு? பழம் எத்தனை நாள் தாங்கும்? பெட்டி என்ன எடை? லாரி எந்த ஊர்களுக்குப் போகிறது? யாரிடம் பேச வேண்டும்? இதையெல்லாம் படத்தோடு உண்மையாக எழுதினால் தேடுகிறவர் நிற்பார். கம்பத்தின் இரண்டு ஆங்கில எழுத்துமுறையையும் பக்கத்துக்குள்ளே ஓரிடத்தில் குறிப்பிடலாம். விலாசத்தில் மட்டும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். "தேனி மாவட்டம்" என்ற சொல்லும் கூட இருந்தால் ஆந்திரக் கம்பத்தோடு குழப்பம் வராது.

1895-ம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது. அதற்கு முன்னாலும் பெரியாற்றில் தண்ணீர் ஓடியது. ஆனால் அது மலைக்கு அந்தப் பக்கம் ஓடிக் கடலில் கலந்தது. பென்னிகுவிக் மலையைக் குடைந்து வழி வெட்டினார். தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. பள்ளத்தாக்கு பச்சையானது. இன்றும் இந்த மக்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் கூட்டமும் அந்தத் தண்ணீரைப் போலத்தான். நல்ல விலாசம் அதற்கு வெட்டிய வாய்க்கால். வாய்க்கால் இல்லாமல் தண்ணீர் வராது. ஆனால் வாய்க்கால் வெட்டியதாலேயே நெல் விளைந்துவிடுவதும் இல்லை. உழுதவர் வீட்டுக்குத்தான் களத்து நெல் போய்ச் சேரும்.